டிக் டிக் சத்தம்: பிக்கப் எஞ்சினில் பழுதைக் காதால் பிரித்தறிதல்

பிக்கப் வண்டி எஞ்சினில் எழும் டிக் டிக் சத்தம் ஒரே ஒரு பழுதின் அடையாளம் அல்ல. நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போன்ற அந்த மெல்லிய தட்டல், புகைபோக்கிக் குழாயை எஞ்சினோடு பிணைக்கும் ஒரு போல்ட் உடைந்ததால் வரலாம். வால்வைத் தள்ளும் லிஃப்டர் ஒன்று உள்ளுக்குள் தேய்ந்ததால் வரலாம். எரிபொருள் இன்ஜெக்டரின் இயல்பான சத்தமாகவும் இருக்கலாம். முதலாவதற்கு ஒரு புதுப் போல்டும் பேக்கிங்கும் சில மணி நேர வேலையும் போதும். இரண்டாவதற்கு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். மூன்றாவதில் கை வைக்கவே தேவையில்லை. மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், இந்தப் பழுதில் ஸ்பேனரைக் காட்டிலும் காதுக்குத்தான் வேலை அதிகம்.

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வி-8 பிக்கப்களில் இந்தச் சத்தம் மிகவும் அறிமுகமானது. 1999 மாடல் முதல் வந்த செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா ஆகியவற்றின் 5.3 லிட்டர் எஞ்சினும், 2003 மாடல் முதல் வந்த ராம் வண்டிகளின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினும் இதற்குச் சரியான எடுத்துக்காட்டுகள். இரண்டும் புஷ்ராடு வகை. கேம் ஷாஃப்ட் எஞ்சினின் நடுவில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் அடியில் இருக்கிறது. கேமின் மேட்டில் லிஃப்டர் ஏறுகிறது. லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளுகிறது. புஷ்ராடு ராக்கர் ஆர்மைச் சாய்க்கிறது. ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஆக மொத்தம் 16 லிஃப்டர்கள்.

சத்தத்தின் தாளத்தை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது என்று கொண்டால், கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், நொடிக்கு 5 முறைதான் சுற்றும். ஆகவே ஒரு வால்வு, ஒரு லிஃப்டர், ஒரு இன்ஜெக்டர், ஒரு சிலிண்டரின் வெடிப்பு ஆகிய எல்லாமே நொடிக்கு ஐந்து முறை நிகழ்பவை. சத்தம் நொடிக்கு ஐந்து என்ற கணக்கில் வந்தால், ஒரே ஒரு சிலிண்டரைச் சேர்ந்த ஏதோ ஒன்று தட்டுகிறது என்று பொருள். நொடிக்குப் பத்து என்றால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பாகத்தைச் சந்தேகிக்கலாம். எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் எனும் மெல்லிய எஃகுத் தட்டில் வெடிப்பு விட்டால் அப்படிக் கேட்கும். வெறும் காதால் ஐந்தையும் பத்தையும் பிரிப்பது கடினம். 5.3 எஞ்சினில் இக்னிஷன் டைமிங் பார்க்கும் விளக்கை ஒரு பிளக் ஒயரில் மாட்டினால் அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். மின்னலுக்கு ஒரு தட்டல் வீதம் ஒத்து வந்தால் கேம் வேகம். இரண்டு மின்னல்களுக்கு நடுவே இன்னொரு தட்டலும் விழுந்தால் கிராங்க் வேகம்.

தாளம் தேடும் பரப்பைப் பாதியாகக் குறைக்கும், ஆளைக் காட்டிக்கொடுக்காது. உடைந்த போல்ட் வழியே கசியும் புகையும் பழுதான லிஃப்டரும் ஒரே தாளத்தில்தான் தட்டுகின்றன. இரண்டையும் பிரிப்பது வெப்பம்.

அந்தப் போல்ட் பிடித்திருக்கும், சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பால் ஆனது. அது பற்றி நிற்கும் சிலிண்டர் ஹெட், ஹெமியிலும் 5.3 எஞ்சினிலும், அலுமினியம். ஒரே அளவு சூடேறினால் வார்ப்பிரும்பைப் போல அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆனால் இரண்டும் ஒரே அளவு சூடேறுவதில்லை. ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடுவதால் அது 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மேனிஃபோல்ட் பாரம் இழுக்கும்போது 500 டிகிரியையும் தாண்டும். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்ட் 500 டிகிரி கூடும்போது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நேரத்தில் ஹெட் ஒரு மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. மிச்சமுள்ள ஒன்றரை மில்லிமீட்டர் இழுபறியும் இரண்டு கோடிகளில் இருக்கும் போல்ட்களின் மீது விழுகிறது. அவை 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண எஃகுப் போல்ட்கள்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. நீள முடியாமல் தடுக்கப்பட்ட இரும்பு, சூட்டில் சற்று இளகி இருக்கும் நிலையில் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது. ஆறும்போது அது பழைய நீளத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் குட்டையாகிறது. ஒவ்வொரு பயணத்திலும் இப்படி மயிரிழை மயிரிழையாகக் குறுகி, சில வருடங்களில் மேனிஃபோல்டின் ஓட்டைகளும் ஹெட்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் நிற்காத நிலை வருகிறது. சூட்டில் வெளிப்பக்கம் தள்ளப்பட்ட போல்ட், குளிரில் உட்பக்கம் இழுக்கப்படுகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு துருவையும் சேர்த்துக் கொடுக்க, ஒரு நாள் போல்டின் தலை பட்டென்று கழன்று விழுகிறது. பின்கோடியில், ஓட்டுநர் இருக்கையை ஒட்டிய தீச்சுவர் அருகே இருக்கும் போல்ட்தான் பெரும்பாலும் முதலில் போகும். ஹெமியில் அது 7, 8ஆம் சிலிண்டர்களின் பக்கம்.

பின்கோடி தளர்ந்ததும் அந்த இடத்தில் மேனிஃபோல்ட் ஹெட்டிலிருந்து காகிதத் தடிப்பு விலகி நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தமான புகை அந்த இடுக்கு வழியே பீறிடும். அந்தப் பீறல்தான் டிக். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடுக்கு அகலமாக இருப்பதால் சத்தம் உரக்கக் கேட்கும்; சில நிமிடங்களில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துவிட, சத்தம் தேய்ந்து மறையும். காலையில் கத்திவிட்டு, வண்டி சூடானதும் அடங்கி, மறுநாள் காலை மீண்டும் கத்தும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் மேனிஃபோல்ட் போல்டின் மேல்தான் விழ வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி எஞ்சினுக்குப் பாரம் கொடுத்தால் சத்தம் கூடுவதும் இதன் குணம். எரிப்பின் அழுத்தம் கூடினால் கசிவின் வேகமும் கூடும்.

லிஃப்டரின் கதை வேறு. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டேப்பட் சத்தம் என்று சொல்வது இதன் உறவினர்தான். பழைய எஞ்சின்களில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, ஃபீலர் கேஜ் வைத்து அவ்வப்போது சரிசெய்வார்கள். அந்த வேலையை ஹைட்ராலிக் லிஃப்டர் தானே செய்துகொள்கிறது. 1930இல் வந்த காடிலாக்கின் 16 சிலிண்டர் காரிலேயே எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியை நீக்கும் ஏற்பாடு இருந்தது. லிஃப்டரின் கூட்டுக்குள் ஒரு சிறு பிளஞ்சர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு குண்டு வால்வு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை அடைக்கிறது. காலியான இடத்துக்குள் குண்டு வால்வு வழியே எஞ்சின் ஆயில் வந்து நிரம்புகிறது. கேமின் மேடு ஏறத் தொடங்கியதும் குண்டு வழியை மூடிக்கொள்கிறது. திரவம் சுருங்காது என்பதால் சிறைப்பட்ட ஆயில் எஃகுத் துண்டுபோல நின்று புஷ்ராடைத் தூக்குகிறது. பிளஞ்சருக்கும் கூட்டுக்கும் நடுவிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு நுண்மையான பொருத்தத்தில் ஒரு துகள் அழுக்கு சிக்கினாலே குண்டு சரியாக மூடாது, ஆயில் பின்வாங்கும், இடைவெளி பிறக்கும், ராக்கர் வால்வுத் தண்டின் நுனியில் போய் முட்டும். டிக்.

ஆயிலில் காற்றுக் குமிழ் கலந்தாலும் இதே விளைவுதான். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். ஆயில் மட்டம் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். ஜிஎம் 5.3 எஞ்சினில் இன்னொரு வழியும் உண்டு. ஆயில் உறிஞ்சும் குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் வருடக்கணக்கில் இறுகித் தட்டையானால் அதன் வழியே காற்று நுழையும். அப்போது ஒரு லிஃப்டர் மட்டும் தட்டாது; இரண்டு வரிசையிலும் பல லிஃப்டர்கள் சேர்ந்து சலசலக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் லிஃப்டரின் ஆயில் வடிந்து, ஸ்டார்ட் செய்த சில நொடிகள் மட்டும் தட்டி நின்றுவிட்டால் அது பெரிய கவலைக்குரியது அல்ல. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆயில் நீர்த்த பின் தொடங்கும் சத்தமே கவலைக்குரியது.

எரிபொருள் சேமிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட சிலிண்டர் முடக்கும் ஏற்பாடு லிஃப்டரை இன்னும் சிக்கலாக்கியது. செவர்லேயின் ஜிஎம், ராமின் கிரைஸ்லர் ஆகிய இரு நிறுவனங்களின் பல வி-8களிலும் 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்கள் லேசான பாரத்தில் ஓய்வெடுக்கும். அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டருக்குள் இரண்டு பூட்டு ஊசிகள் உண்டு. கணினி சோலினாய்டு எனும் மின்காந்த வால்வைத் திறந்ததும் ஆயில் அழுத்தம் ஊசிகளை உள்ளே தள்ளும். லிஃப்டர் தொலைநோக்கிக் குழாய்போலத் தனக்குள் மடங்கும். வால்வு மூடியே இருக்கும். ஊசி திரும்பி வந்து சரியாகப் பூட்டாவிட்டால் வால்வு திறக்காது, அந்தச் சிலிண்டர் எரியாது, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். சத்தத்தோடு எஞ்சின் நடுக்கமும் சேர்ந்து வந்தால் முதலில் இந்த நான்கு சிலிண்டர்களைத்தான் பார்க்க வேண்டும்.

கேமைத் தொடும் லிஃப்டரின் அடியில் ஒரு உருளை இருக்கிறது. அதற்குள் ஊசி போன்ற சிறு பேரிங்குகள். கேமின் மேடுகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிக்கும் துளிகளால்தான் கிடைக்கிறது. ஐடிலில் அந்தத் தெறிப்பு குறைவு. பேரிங் பழுதாகி உருளை சுழல மறுத்தால், அது கேமின் மேல் உருளாமல் உரசத் தொடங்கும். கழற்றிப் பார்த்தால் பழுது கண்முன் நிற்கும்: வட்டமாக மின்ன வேண்டிய உருளையின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், எதிரே கேமின் மேட்டில் அரத்தால் ராவியது போல் பள்ளம். அந்த இடத்து இரும்பெல்லாம் பொடியாகி ஆயிலில் போயிருக்கும். அந்த நிலையில் லிஃப்டரை மட்டும் மாற்றுவது வீண் வேலை. கேம் ஷாஃப்டும் மாற வேண்டும்.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவதே முறை. ஆயில் மட்டம், ஆயிலின் வகை இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். பழைய 5.3க்கு 5டபிள்யூ-30, 5.7 ஹெமிக்கு 5டபிள்யூ-20 என்று கையேடு சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. சிலிண்டர் முடக்கும் லிஃப்டர் அந்தப் பாகுத்தன்மையை நம்பியே வேலை செய்கிறது. சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டியான ஆயில் ஊற்றுவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டி அழுத்தத்தை அளக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் 1000 சுற்றில் 6, 2000 சுற்றில் 18, 4000 சுற்றில் 24 பி.எஸ்.ஐ என்பது 5.3க்கு ஜிஎம் வைத்திருக்கும் கீழ்வரம்பு. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதில் மின்னும் துகள்களைக் காந்தம் இழுத்தால், உள்ளே எஃகு தேய்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது ஒலி வரும் இடம். இதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைக்கு. மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப், அது இல்லாவிட்டால் நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது, உலோகத்துக்குள் ஓடும் அதிர்வைப் பிடிக்கும். வால்வு கவர் மேல் இடம் மாற்றி மாற்றி வைத்தால் எந்தச் சிலிண்டரின் மேல் தட்டல் கூர்மையாகிறது என்று தெரியும். புகைக் கசிவின் சத்தமோ காற்றில் பிறப்பது. உலோகத்தைத் தொட்டுக் கேட்டால் அது மங்கிவிடும். அதற்கு ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்ட் விளிம்போடு நகர்த்தினால், கசியும் இடத்தில் காதுக்குள் யாரோ சப்புக்கொட்டுவதுபோல் கேட்கும். சுழலும் பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே இருப்பதால் குழாயையும் சட்டைக் கையையும் விலக்கி வைத்துக்கொள்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காதுக்குச் சாட்சியாகக் கண்ணும் வரும். டார்ச் அடித்து மேனிஃபோல்டின் பின்கோடியைப் பார்த்தால், போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை தெரியலாம். கசியும் இடத்தைச் சுற்றி அலுமினியத்தின் மேல் விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஸ்கேனரும் ஒரு துப்புக் கொடுக்கும். ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் குழாயில் அழுத்தம் குறையும் கணத்தில், அதே இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் காற்றைக் கண்டு பெட்ரோல் போதவில்லை என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. கணினி கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது. ஒரு வரிசையில் மட்டும் எரிபொருள் திருத்த எண் ஏறியிருந்தால், கசிவு எந்தப் பக்கம் என்பது படுத்துப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

இன்னும் ஐயம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். ஒரு இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றினால் அந்தச் சிலிண்டர் எரியாது. டிக் சத்தம் சட்டென்று தணிந்தால் அது எரிப்பு அழுத்தத்தைச் சார்ந்தது: மேனிஃபோல்ட் கசிவு, தளர்ந்த ஸ்பார்க் பிளக், அல்லது இணைப்புத் தண்டின் பேரிங் தேய்வு. இந்தக் கடைசி வகை அடியிலிருந்து வரும் கனத்த இடிப்பு. கூர்மையான டிக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அதைக் கேட்டபின் வண்டியை ஓட்டவும் கூடாது. சிலிண்டர் நின்றும் சத்தம் மாறவில்லை என்றால் லிஃப்டர். ஸ்பார்க்கை நிறுத்துவதைவிட இன்ஜெக்டரை நிறுத்துவது நல்லது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடாது. ஆனால் இன்ஜெக்டரே சத்தத்தின் மூலமாக இருந்தாலும் அதைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிடும் என்பதால், முன்னதாக எட்டு இன்ஜெக்டர்களின் மேலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். எட்டும் ஒரே சீராகச் சொடுக்கினால் அது இயல்பு. 2014 முதல் வந்த நேரடி இன்ஜெக்ஷன் 5.3இல் உயர் அழுத்தப் பம்பும் சேர்ந்து தட்டும். புது வண்டியிலேயே அது உண்டு.

ஃபோர்டு எஃப்-150இன் 5.4 லிட்டர் எஞ்சின் இந்த வரிசையில் சேராது. 2004 முதல் 2010 வரை வந்த அதன் மூன்று வால்வு வகையில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. சூடான ஐடிலில் டீசல் வண்டிபோலத் தட்டுவது பெரும்பாலும் கேமின் நேரத்தை மாற்றும் ஃபேஸர். ஆயில் அழுத்தம் குறைந்து ஃபேஸரை நிலையாகப் பிடிக்க முடியாததே காரணம் என்பதால், செயின் டென்ஷனர்களையும் ஆயில் பம்பையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பழுது மேனிஃபோல்ட் போல்ட் என்று உறுதியானால், உடைந்த துண்டை வெளியே எடுப்பதுதான் முழு வேலையும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், துரு விடும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, இடுக்கியால் பிடித்துத் திருப்பலாம். ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தால் சிறந்த வழி வெல்டிங். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு நட்டைத் துண்டின் மேல் வைத்து, நட்டின் ஓட்டைக்குள் மிக் வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். எஃகு எஃகோடு ஒட்டும். சுற்றியுள்ள அலுமினியத்தோடு ஒட்டாது. வெல்டிங் சூட்டில் துண்டு விரிந்து, ஆறும்போது சுருங்கித் துருவின் பிடியை உடைக்கிறது. செம்மை அடங்கியதும் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால், வருடக்கணக்கில் அசையாத துண்டு கையோடு வரும். முதல் முறை நட்டு மட்டும் பிய்ந்து வந்தாலும் மனம் தளர வேண்டாம்; ஒவ்வொரு சூடும் பிடியை இன்னும் தளர்த்துகிறது. துளையிட்டுப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டரை அவசரப்பட்டு எடுப்பதுதான் ஆபத்து. அது உள்ளே உடைந்தால், துளைக்கவே முடியாத கடின எஃகு அங்கே சிக்கிவிடும். துண்டை எடுக்க இயலாத இடத்தில், ஹெட்டின் பின்முகத்தில் ஏற்கெனவே உள்ள மரை ஓட்டையில் மாட்டி மேனிஃபோல்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்புகள் ஜிஎம் வண்டிகளுக்குக் கடையில் கிடைக்கின்றன. இது ஒப்பேற்றுதான், ஆனால் நன்றாக உழைக்கும் ஒப்பேற்று.

மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டுமுன் நேர்க்கோல் வைத்து அதன் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வளைந்ததை அப்படியே இறுக்கினால் புதுப் போல்டும் அதே வழியில் போகும். கடைசலில் முகம் சீவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். புதுப் பேக்கிங், எல்லாப் போல்டும் புதிது. நடுவிலிருந்து தொடங்கி இரு கோடிகளையும் நோக்கி, 5.3இல் முதல் சுற்று 15, இரண்டாம் சுற்று 25 நியூட்டன் மீட்டர் என்று டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று கை சொல்வதைக் கேட்கக் கூடாது. விரியும் இரும்புக்கு நகர இடம் வேண்டும்.

லிஃப்டர் என்றால் வேலை பெரிது. பழைய செவர்லே வி-8களில் இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கினாலே லிஃப்டர் கைக்கு வந்துவிடும். 5.3இலும் ஹெமியிலும் லிஃப்டர்கள் நான்கு நான்காக ஒரு தட்டில் ஹெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் கூலன்டை வடித்து, ராக்கர்களையும் புஷ்ராடுகளையும் இடம் மாறாமல் வரிசையாக எடுத்து வைத்து, ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். பழைய ஹெட் போல்ட்களைத் திரும்பப் போடக் கூடாது. அவை ஒருமுறை நீட்டி இறுக்கப்படும் வகை. ஒரு லிஃப்டர் போயிருந்தாலும் பதினாறையும் மாற்றுவதே நியாயம், ஏனெனில் எல்லாமே ஒரே ஆயிலில் ஒரே காலம் உழைத்தவை. கேமின் ஒவ்வொரு மேட்டையும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கினால் கேமும் மாறும். ஒவ்வொரு புஷ்ராடையும் கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்தது குதிக்கும்.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. எரிபொருளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சிறிது சிறிதாகச் சுற்றி, கேஜில் ஆயில் அழுத்தம் எழும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்தால் புது லிஃப்டர்கள் கொஞ்ச நேரம் தட்டும். உள்ளே தங்கிய காற்று வெளியேறியதும் ஒவ்வொன்றாக அடங்கும். உலோகப் பொடி கண்ட எஞ்சினில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்க்க வேண்டும்.